குடலழற்சி நோயும் நம் உணவும்: தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சிற்றாற்றை ஒட்டி அமைந்த பழமையான ஊர் கங்கைகொண்டான். வடபுலம் நோக்கிப் படை நடத்திய முதலாம் இராசேந்திர சோழனின் விருதுப்பெயர், பாண்டிய நாட்டின் இச்சிற்றூருக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. அண்மைக் காலத்தில் இவ்வூரின் பெயர் நாளேடுகளில் அடிபட்டதற்கு வரலாறு காரணமன்று. இங்குள்ள சிப்காட் தொழிற்பூங்காவில் குளிர்பான ஆலை அமைந்ததும், தாமிரபரணி நீரை அதற்கு வழங்குவதை எதிர்த்து மக்கள் போராடியதும், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்து, 2017 மார்ச்சில் வழக்குகளைத் தள்ளுபடி செய்ததும் பலரும் அறிந்தவை. அவ்வழக்கு ஆற்றிலிருந்து எடுக்கப்படும் நீரின் அளவைப் பற்றியது. அந்நீர் சர்க்கரையோடு கலந்து புட்டிக்குள் புகுந்து, பின்னர் மனிதனின் குடலுக்குள் சென்று என்ன செய்கிறது என்னும் வினா அங்கே எழவில்லை. எழுவதற்கு அது இடமும் அன்று. ஒரு பக்கம் நெல்வயலும் நீராகாரமும், மறுபக்கம் புட்டியும் பொட்டலமும் என்று இரண்டு உணவு உலகங்களை ஒரே கண்பார்வையில் காட்டும் ஊராகக் கங்கைகொண்டான் இருப்பதால், அவ்வினாவை அங்கிருந்து தொடங்குவது பொருத்தமென்று கருதுகிறோம். எந்த ஓர் ஆலையையும் நோய்க்குக் காரணமாகச் சுட்டுவது நம் நோக்கமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நாம் பேசப்போகும் நோய் யாதென்று முதலில் வரையறுத்துக்கொள்வோம். வயிற்றுக் கோளாறு என்ற ஒரே சொல்லுக்குள் மூலம், சீதபேதி, அமீபா, வாயுத்தொல்லை யாவற்றையும் அடக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. குடலழற்சி நோய் இவற்றுள் எதுவும் அன்று. அது இரு வகைப்படும். பெருங்குடலின் உட்சவ்வில் மட்டும் புண்களை உண்டாக்கி, மலத்தோடு இரத்தமும் சளியும் போகச் செய்வது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனப்படும் பெருங்குடற்புண் அழற்சி. வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்திலும் தோன்றி, குடற்சுவரின் முழுத் தடிப்பையும் தாக்கி, நாளடைவில் குடலைச் சுருக்கியும் துளைத்தும் விடக்கூடியது கிரோன் நோய். இரண்டும் பெரும்பாலும் இளவயதில் தொடங்குபவை. தணிவதும் மீண்டும் கிளர்வதுமாக ஆயுள் முழுதும் தொடர்பவை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் குடலுக்குள்ளேயே போர் தொடுப்பதுதான் இவற்றின் இயல்பு. மன உளைச்சலால் மிகுந்து, வயிற்றுவலியும் போக்கும் தரும் எரிச்சல்குடல் என்னும் தொல்லை வேறு. அதில் குடல் புண்ணாவதில்லை. இரத்தப்போக்கு, இரவு உறக்கத்தைக் கலைக்கும் போக்கு, காரணமின்றி எடை குறைதல், காய்ச்சல் ஆகியவை தோன்றினால், அதை எரிச்சல்குடல் என்றோ மூலம் என்றோ எண்ணிக் காலங்கடத்துவது தகாது.

நம் நாட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. குடலில் வரும் காசநோயும் கிரோன் நோயும் ஏறத்தாழ ஒரே தோற்றம் உடையவை. உள்நோக்கிக் கருவியில் பார்த்தாலும், சதைத்துணுக்கை ஆய்ந்தாலும், சில வேளைகளில் தேர்ந்த மருத்துவரே துணிந்து சொல்ல இயலாமற் போகும். அந்நிலையில் காசநோய்க்கான மருந்தைச் சில மாதங்கள் கொடுத்துப் பார்த்து, குணம் தெரியாவிடில் கிரோன் என முடிவு செய்வதும் உண்டு. நோயாளியின் வீட்டார் இதனை மருத்துவரின் தடுமாற்றமென்று எண்ணி வேறிடம் தேடி ஓடுவதை நாம் கேள்விப்படுகிறோம். நோயின் இயல்பே அத்தகையது என்று அறிந்தால் அந்த அலைச்சல் குறையும்.

இவை மேனாட்டார் நோய்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. பெருங்குடற்புண் அழற்சியைச் சாமுவேல் வில்க்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1859-இல் தனி நோயாக விவரித்தார். நியூயார்க்கில் பரில் கிரோனும் அவருடைய தோழர் இருவரும் 1932-இல் எழுதிய கட்டுரை மற்றதற்குப் பெயர் தந்தது. வெப்பநாடுகளில் இவை அரிதென்று பாடநூல்கள் கூறிவந்தன. அக்கருத்தை அசைத்தது இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்த ஆய்வு. அங்குக் குடியேறிய தெற்காசிய மக்களிடையே பெருங்குடற்புண் அழற்சி ஐரோப்பியரினும் ஏறத்தாழ இருமடங்கு மிகுந்து காணப்படுவதாக 1992-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அப்படியானால் நம் இரத்தத்தில் காப்பு ஏதும் இல்லை. காப்பு இருந்தது நம் வாழ்முறையில்தான் என்று எண்ண இடமுண்டாகிறது. இங்கேயே இருப்பவர்க்கும் நோய் இல்லாமல் இல்லை. பஞ்சாபில் நேரடிக் கணக்கெடுத்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு, இலட்சம் பேருக்கு 44 பேர் பெருங்குடற்புண் அழற்சியுடன் வாழ்வதாகக் கண்டது. மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் மேலைநாடுகளுக்கும் பிள்ளைகளை அனுப்பிவைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இச்செய்தி பிறர் வீட்டுச் செய்தியன்று.

வாழ்முறையில் எது? இங்குதான் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் கதை தொடங்குகிறது.

நாம் உண்ணும் சோற்றின் மாவுச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே சர்க்கரையாகி உடலில் சேர்ந்துவிடுகிறது. நார்ச்சத்தும், செரிமானத்துக்கு இணங்காத ஒரு வகை மாவுச்சத்தும் மட்டும் பெருங்குடலுக்குத் தப்பிச் செல்கின்றன. அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. அவை அம்மிச்சத்தைப் புளிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் பியூட்டிரேட் என்பது தனிச்சிறப்புடையது. உடலின் பிற உறுப்புகள் இரத்தத்தில் வரும் சர்க்கரையை உண்டு வாழ, பெருங்குடலின் உட்சவ்வு அணுக்களோ தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. அதாவது, நாம் உண்ட சோற்றின் மிச்சத்தை உண்ட பாக்டீரியா கழித்த பொருளே நம் குடலுக்கு உணவு. இவ்வேற்பாட்டை எண்ணிப் பார்க்கையில் படைத்தவனின் நுட்பத்தை வியவாதிருக்க முடியவில்லை. பியூட்டிரேட் அழற்சியைத் தணிக்கும் எதிர்ப்பணுக்களையும் ஊக்குவிக்கிறது. குடற்சவ்வின் இடுக்குகளை இறுக்கிவைக்கவும் துணைசெய்கிறது. பெருங்குடற்புண் அழற்சி என்பது பட்டினி கிடக்கும் சவ்வின் நோயோ என்று ரோடிகர் என்னும் அறுவை மருத்துவர் 1980-ஆம் ஆண்டிலேயே வினவினார்.

இந்த அறிவைச் செயலில் காட்டிய பெருமை தமிழகத்துக்கு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பி. எஸ். இராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் காலரா நோயாளிகள் 48 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான உப்புச்சர்க்கரைக் கரைசல். இன்னொரு பிரிவினருக்கு அதனுடன் அரிசிமாவு. மூன்றாம் பிரிவினருக்கு அதனுடன் லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத மாவுச்சத்து. மூன்றாம் பிரிவினருக்கு நீரிழப்பும் குறைந்தது, போக்கும் விரைவில் நின்றது. மருந்து வேலை செய்தது எங்கே? சிறுகுடலில் அன்று. செரிக்காத மாவு பெருங்குடலை அடைந்து, பாக்டீரியாக்களால் கொழுப்பமிலமாகி, அங்கே உப்பையும் நீரையும் உறிஞ்சும் ஆற்றலைத் தட்டியெழுப்பியது. 2000-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான இவ்வாய்வு, காலராவைப் பற்றியதேயன்றிக் குடலழற்சியைப் பற்றியதன்று. ஆயினும் சோற்றுப்பருக்கைக்கும் பாக்டீரியாவுக்கும் குடற்சவ்வுக்கும் உள்ள உறவை மனிதரிடத்தே மெய்ப்பித்துக் காட்டிய தெளிவான சான்று அது.

அதே கல்லூரியின் ஆய்வாளர்கள் பின்னர் குடலழற்சி நோயாளிகளின் மலத்தை ஆய்ந்து 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பியூட்டிரேட் ஆக்கும் பாக்டீரியாக் குழு ஒன்று, நலமுடையோரைக் காட்டிலும் நோயாளிகளிடம் குறைந்தும் வகை சுருங்கியும் இருந்தது. அக்குழுவில் அடங்கும் ஃபீகலிபாக்டீரியம் என்பதற்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டென்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2008-இல் முன்னரே காட்டியிருந்தனர். இது குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் இது குறைந்ததா என்று கேட்டால், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் என்பதே பொருத்தமான விடையாகத் தோன்றுகிறது.

வேலூரிலிருந்து வந்த வேறொரு சிற்றாய்வை இங்கே குறிப்பிடாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. தென்னிந்திய இளம்பெண்களில் மரக்கறி உண்பார் 32 பேரையும் புலாலும் உண்பார் 24 பேரையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்டனர். பியூட்டிரேட் ஆக்கும் பாக்டீரியாக்கள் மரக்கறியாரிடமே மிகுதியாய் இருக்குமென்று எவரும் எதிர்பார்ப்பர். புலால் உண்பாரிடமே மிகுந்திருந்தன. எண்ணிக்கை சிறியது, இதனைக் கொண்டு நாளும் இறைச்சி உண்ணலாம் என்று எவரும் தீர்ப்பெழுதிவிட வேண்டாம். அப்பெண்கள் புலாலோடு சோறும் பருப்பும் காயும் உண்டவர்கள். தட்டின் ஓரத்தில் இருக்கும் துண்டைவிடத் தட்டு முழுவதையும் பார்ப்பதே அறிவு என்று இதிலிருந்து நாம் கொள்கிறோம். இதே கல்லூரியினர் கிரோன் நோயாளிகளின் சூழலை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், அடிக்கடி மீன் உண்பாரிடமும், வீட்டு வளாகத்தில் மாடு வளர்ப்பாரிடமும் அந்நோய் குறைந்து காணப்பட்டது. காயலும் தூத்துக்குடியும் அருகிருக்க வாழும் நம்மவர்க்கு முதற்செய்தி இனிக்கும். மாட்டுத்தொழுவம் தருவது இளமையிலேயே பலவகை நுண்ணுயிரோடு பழகும் வாய்ப்பு என்பது அறிஞர் விளக்கம்.

இனி, மிச்சம் ஏதும் பெருங்குடலை எட்டாவிட்டால் என்னாகும்? குடற்சவ்வின்மீது வழவழப்பான சளிப்படலம் ஒன்று போர்த்தப்பட்டிருக்கிறது. பாக்டீரியாக்களைச் சவ்விலிருந்து எட்டி நிறுத்தும் மதில் அது. மனிதக் குடற்பாக்டீரியா 14 வகைகளை எலிகளுக்குள் குடியேற்றி, அவற்றுக்கு நாரற்ற தீனி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியாயிற்று. உணவு கிட்டாத பாக்டீரியாக்கள் மதிலையே தின்னத் தொடங்கின. மதில் மெலிந்த எலிகளுக்கு நோய்க்கிருமி ஒன்றைச் செலுத்தியபோது அவை கடும் குடலழற்சியால் மாண்டன. நாருண்ட எலிகள் பிழைத்தன. வெல்லம் போன்ற எளிய சர்க்கரையை மிகுதியாகக் கொடுத்த எலிகளிடமும் சளிதின்னிப் பாக்டீரியாக்கள் பெருகி அழற்சி கடுமையானதாக 2020-இல் மற்றொரு குழு எழுதியது. குளிர்பானத்துக்கும் குடலுக்கும் உள்ள தொடர்பில் இது ஒரு கண்ணி.

மற்றொரு கண்ணி, எண்ணெயும் நீரும் பிரியாதிருக்கச் சேர்க்கும் குழைமப் பொருள்கள். ஐஸ்கிரீம், கேக், பொட்டலச் சாறு, சாஸ் ஆகியவற்றின் உறையில் எண்களாய்ப் பொறிக்கப்பட்டிருப்பவற்றுள் இவையும் உண்டு. இவற்றில் இரண்டு, எலிகளின் சளிப்படலத்துக்குள் பாக்டீரியாவைப் புகவிட்டு அழற்சியைத் தூண்டுவதை 2015-இல் கண்டறிந்தனர். 2022-இல் நலமுள்ள மனிதர் 16 பேரிடமே சோதித்தனர். குழைமம் கலந்த உணவை 11 நாள் உண்டவர்களிடம் பயனுள்ள கொழுப்பமிலங்கள் குறைந்தன. அவர்களுள் இருவருக்குப் பாக்டீரியா சளிப்படலத்தை ஊடுருவியிருந்தது. எல்லார்க்கும் ஒன்றுபோல் தீங்கு செய்வதில்லை என்பதும் இதனால் விளங்கும்.

எலியிலிருந்து மனிதக் கூட்டத்துக்கு வந்தால், 21 நாடுகளில் 1,16,087 பேரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2021-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. இந்தியாவும் அந்நாடுகளுள் ஒன்று. ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவை நாளொன்றுக்கு ஐந்து முறைக்கு மேல் உண்பாருக்கு, ஒரு முறைக்கும் குறைவாக உண்பாரைவிடக் குடலழற்சி நோய் வரும் வாய்ப்பு 82 விழுக்காடு மிகுந்திருந்தது. குளிர்பானம், இனிப்பூட்டிய தின்பண்டம், உப்புநொறுக்கு, பதனிட்ட இறைச்சி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே தொடர்புடையதாகத் தெரிந்தது. பதப்படுத்தாத இறைச்சி, பால், மாவுணவு, காய்கனி ஆகியவற்றுக்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. வீட்டில் ஆக்கிய ஆட்டுக்கறிக்கும் பொட்டலத்தில் வரும் கறிக்குழலுக்கும் வேறுபாடு உண்டென்பது நம் பாட்டிமார் படிக்காமலே சொன்னது. எனினும் ஒன்று கருதுக: அந்தப் பெருங்கூட்டத்தில் நோய் கண்டவர் 467 பேர்தாம். தனியொருவர் குளிர்பானம் குடித்ததால் நோய் வந்ததென்று எவரும் சுட்டிக் கூற இயலாது. பலருடைய பழக்கம் மாறும்போது பலருள் சிலர்க்கு நேர்வதையே இவ்வகை ஆய்வுகள் அளக்கின்றன.

தாமிரபரணிப் படுகையின் பழைய உணவு இவ்வகையில் எப்படி நிற்கிறது? வடித்த சோற்றில் நீரூற்றி இரவு முழுதும் வைத்தால் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. ஆறிய மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகிச் செரிக்காத வடிவம் பெறுகிறது. வேலூர் ஆய்வு சொன்ன வகையின் உறவினம் அது. மேலும், லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதில் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இரைப்பை, குடல் அறுவைத் துறையினர், பழைய சோறு குடலழற்சி நோயாளிகளுக்கு எந்த அளவு துணைசெய்யும் என்று மாநில அரசின் நிதியுதவியுடன் 2020-களின் தொடக்கத்தில் ஆராயப் புகுந்தது வரவேற்கத்தக்கது. ஏழையின் காலையுணவென்று இகழப்பட்ட ஒன்று ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததே ஒரு மாற்றம்தான். ஆனால் இதைச் சுற்றி ஊடகங்களில் பரவும் புகழுரைகள் சில அளவு மீறியவை. இரவு ஊறினால் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகும் என்கிறார்கள். எந்தப் பாக்டீரியாவும் இரும்பைப் படைப்பதில்லை. இருக்கும் இரும்பை உடல் ஏற்குமாறு எளிதாக்கலாம், பாத்திரத்திலிருந்தோ நீரிலிருந்தோ சிறிது சேரலாம், அவ்வளவே. நல்ல உணவுக்குப் பொய்ச்சான்று தேவையில்லை.

இட்டிலியும் புளித்த உணவுதான். ஆவியில் பாக்டீரியா மடிந்தாலும் அவை ஆக்கிவைத்த மாற்றம் மாவில் தங்குகிறது. உளுந்தங்கஞ்சி, கூட்டாஞ்சோறு, பயறு, கீரை ஆகியவை நெல்லைச் சீமையின் அன்றாடச் சமையலில் நாரைச் சேர்த்தவை. இவற்றின் இடத்தை இரவுதோறும் மைதாப் பரோட்டாவும், பகலில் புட்டியும் பொட்டலமும் பிடித்துக்கொண்டது ஒரு தலைமுறைக்குள் நேர்ந்தது. அல்வாவைப் பற்றி மட்டும் நாம் கடுமையாக எழுதப் போவதில்லை. அது என்றும் அன்றாட உணவாக இருந்ததில்லை.

இத்துடன் நிறுத்தினால் இக்கட்டுரை சிலருக்குத் தீங்கு செய்துவிடும். நார் நல்லதென்று கேட்ட நோயாளி, நோய் கிளர்ந்திருக்கும் நேரத்தில் வாழைத்தண்டும் முருங்கையும் பனங்கிழங்கும் உண்டால் வலியும் போக்கும் மிகும். கிரோன் நோயால் குடல் சுருங்கியவருக்கோ, பனங்கிழங்கின் தும்பு அடைப்பை உண்டாக்கி அறுவைக்கூடத்துக்கே அனுப்பிவிடக் கூடும். கிளர்ச்சிக் காலத்தில் குழைந்த சோறு, தோல் நீக்கி வேகவைத்த காய், மீன், முட்டை. தணிந்தபின் சிறிது சிறிதாக நார் என்பதே பொதுவான முறை. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃபிரக்டன் என்னும் நாரைப் புளிக்கவைக்க வேண்டிய பாக்டீரியாக்கள் இல்லாத சில நோயாளிகளிடம், அதே நார் அழற்சியைத் தூண்டுவதாகக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வு 2023-இல் கூறியது. ஒருவருக்கு மருந்தாவது மற்றொருவருக்கு ஆவதில்லை. பாலும் அப்படியே, ஒத்துக்கொள்ளாதவர் விலக்கட்டும், ஒத்துக்கொள்பவர் வீணே விலக்கிச் சுண்ணாம்புச்சத்தை இழக்க வேண்டியதில்லை. புகைபிடித்தல் கிரோன் நோயைக் கடுமையாக்கும் என்பதில் ஐயமே இல்லை.

உணவே மருத்துவமாகும் இடமும் ஒன்றுண்டு. கிரோன் நோயுற்ற சிறார்க்கு, வழக்கமான உணவை முற்றிலும் நிறுத்தி, ஊட்டச்சத்துப் பானத்தை மட்டும் ஆறு முதல் எட்டு வாரம் கொடுப்பது முதல்நிலைச் சிகிச்சையாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. பெரியவர்களிடம் அத்தகைய தெளிவு இல்லை. மிகக் கடுமையான விலக்குகளை உடைய ஓர் உணவுமுறையையும், காய்கனி, பருப்பு, மீன், ஒலிவ எண்ணெய் கொண்ட நடுநிலக்கடல் நாட்டு உணவுமுறையையும் அமெரிக்காவில் ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்டபோது, ஆறு வாரத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பயனையே தந்தன. கடுமையாக விலக்குவதால் கூடுதல் நன்மை இல்லை என்றால், எளிதானதைப் பின்பற்றுவதே முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, உணவில் தெளிவு கண்டதும் மருந்தை நிறுத்திவிடுவது பேராபத்து. வெளியே நோய் தணிந்தாற்போல் இருக்கையிலும் உள்ளே புண் ஆறாதிருக்கலாம். மலத்தில் கால்புரொடெக்டின் அளவைப் பார்ப்பதும், உள்நோக்கிச் சோதனையும் அதற்காகவே.

நம் மரபு இதுபற்றி என்ன சொல்கிறது என்று வாசகர்கள் கேட்பது இயல்பு. வயிற்றை நோயின் இல்லமென்றும் பத்தியத்தை மருந்தின் தலையென்றும் கூறும் வாசகம் மேடைகளில் நபிமொழியாகவே எடுத்தோதப்படுகிறது. அது அரபு நாட்டு மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவின் கூற்றென்றும், அதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது ஏற்றிக் கூறுவது சரியன்றென்றும் இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) தெளிவாக எழுதியிருக்கிறார்கள். வயிற்றின் மூன்றில் ஒரு பங்கையே உணவுக்கு ஒதுக்கும் அறிவுரை திர்மிதி முதலிய நூல்களில் வருவது; அதற்கு ஐயமில்லை. வாற்கோதுமை மாவில் காய்ச்சும் தல்பீனா என்னும் கஞ்சியை நோயாளிக்கும் துயருற்றவர்க்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கொடுக்கச் சொன்னதாகப் புகாரியில் காண்கிறோம். வாற்கோதுமையின் கரையும் நார் குடற்பாக்டீரியாக்களுக்கு விருப்பமான உணவென்பது இன்றைய அறிவு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஒன்றைக் கொண்டு மற்றதை மெய்ப்பிக்க முனைவதில்தான் நமக்கு உடன்பாடில்லை. அறிவியல் நாளை திருந்தும், மார்க்கம் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இப்னு சீனாவும் அல்கானூனில் குடற்சிராய்ப்பு நோய்க்குத் தனியிடம் தந்திருக்கிறார். அவர் விவரிப்பதை இன்றைய குடலழற்சி என்று துணிந்து கூற இயலாவிடினும், குடற்புண்ணைத் தனியே ஆராய்ந்த மரபு நமக்கு உண்டென்பது உறுதி.

இந்நோய் நம் சமூக வாழ்வில் ஏற்படுத்தும் இடர் ஒன்று மருத்துவ நூல்களில் இராது. ஒரே சஹனில் பலர் அமர்ந்துண்ணும் விருந்தில், நெய்ச்சோற்றையும் காரக்கறியையும் தொடாமல் ஒதுங்கும் இளைஞனை வீட்டார் வற்புறுத்துகிறார்கள். அவன் காரணம் சொல்லக் கூசி உண்டுவிட்டு இரவெல்லாம் துன்புறுகிறான். எந்நேரம் மலம் நெருக்குமோ என்னும் அச்சத்தால் ஜும்ஆவுக்குச் செல்வதையே நிறுத்திவிடுபவரும் உண்டு. நோயைக் கூட்டுத்தொழுகைக்குத் தடங்கலாக ஏற்கும் சலுகை எல்லா மத்ஹபுகளிலும் இருக்கிறது. இடைவிடாத போக்கோ இரத்தக்கசிவோ உள்ளவர், தொழுகை நேரம் வந்தபின் ஒளுச் செய்து தொழுதுகொள்ளலாம். இடையில் வெளிப்படுவது அவர் தொழுகையைக் கெடுக்காது. ஷாபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி ஒளு. ஹனஃபீ மத்ஹபில் ஒவ்வொரு நேரத்துக்கும் ஓர் ஒளு. இச்சட்டங்களை அறிந்த ஆலிம்கள் மிம்பரில் ஒருமுறை சொன்னால், வாய் திறவாது வாடும் சிலருக்குப் பெருந்துணையாகும்.

பாக்டீரியாவைப் பற்றிய அறிவு இன்னுமோர் ஃபிக்ஹு வினாவையும் எழுப்பியிருக்கிறது. நலமுள்ள ஒருவரின் மலத்திலிருந்து பிரித்த பாக்டீரியாக்களை நோயாளியின் பெருங்குடலில் செலுத்தும் சிகிச்சையைத் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், அழற்சி தணிக்கும் உணவுமுறையோடு இணைத்துச் சோதித்தனர். பெருங்குடற்புண் அழற்சியுடைய 66 பேர் பங்கேற்ற அவ்வாய்வு 2022-இல் வெளியாயிற்று. கொடையாளர்கள் கிராமப்புறத்தவர்கள். எட்டு வார முடிவில் நோய் தணிந்தவர்கள் அப்பிரிவில் 60 விழுக்காடு. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்ற பிரிவில் 32 விழுக்காடு. பின்னர்ச் செலுத்துதலை நிறுத்தி, உணவுமுறையை மட்டும் 48 வாரம் வரை தொடர்ந்தவர்களுள் நான்கில் ஒருவருக்கு ஆழ்ந்த தணிவு நிலைத்தது, மறுபிரிவில் ஒருவருக்குமில்லை. கொடையாகப் பெற்ற பாக்டீரியாக்களைப் பேணி வளர்த்தது உணவே என்று ஆய்வாளர் கருதுகின்றனர். நஜீஸான பொருளால் மருத்துவம் செய்யலாமா என்றால், தூய மாற்று இல்லாதபோது தகுதியான மருத்துவர் கூற்றின்பேரில் அதற்கு இடமுண்டு என்பது இமாம் நவவி (ரஹ்) போன்ற ஷாபிஈ சட்டவறிஞர்களின் நிலை. இச்சிகிச்சை இன்னும் அன்றாட மருத்துவமாகிவிடவில்லை. ஆகும் நாளில் நம் ஆலிம்களிடம் வினா வரத்தான் போகிறது.

இறுதியாக நோன்பு. நம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக்கஞ்சி, அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு சேர்ந்து குழைந்தது. தணிவு நிலையிலுள்ள நோயாளிகள் பலருக்கு அது ஏற்ற உணவு. அதன்பின் அடுக்கப்படும் வடையும் சமோசாவும் வண்ணக் குளிர்பானமும்தாம் கேடு. எகிப்தில் 80 நோயாளிகளை ரமளானுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்திலும் மலத்திலும் அழற்சிக் குறிகள் குறிப்பிடத்தக்கவாறு ஏறவில்லை. பெருங்குடற்புண் அழற்சியுடையோரின் நோய்க்குறிகள் மட்டும் ஓரளவு கூடின. எனவே நோய் தணிந்திருப்பவர் தம் மருத்துவரைக் கலந்து நோற்கலாம். நோய் கிளர்ந்திருப்பவருக்கும், ஸ்டீராய்டு மருந்தின் அளவை மாற்றிக்கொண்டிருப்பவருக்கும், நீரிழப்பும் இரத்தப்போக்கும் உள்ளவருக்கும் நோயாளிக்குரிய குர்ஆனியச் சலுகை இருக்கிறது. அதை ஏற்பதில் குறைவேதும் இல்லை. நாளொன்றுக்குப் பலமுறை உண்ணும் மெசலமீன் மாத்திரையை ஒரே வேளையாக எடுத்தாலும் பெரும்பாலும் அதே பயன் கிட்டுமென ஆய்வுகள் காட்டியிருப்பதால், மருத்துவரிடம் கேட்டு ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்ளலாம். ஆசனவாய் வழியே செலுத்தும் எனிமாவும் குளிகையும் நோன்பை முறிக்கும் என்பது நம் பகுதியில் பின்பற்றப்படும் இரு மத்ஹபுகளின் சட்டம். அவற்றை இஷாவுக்குப் பின் உறங்கப்போகும் நேரத்தில் பயன்படுத்தினால், மருந்தும் இரவெல்லாம் குடலில் தங்கும், நோன்புக்கும் இடையூறு நேராது.